வீடு கட்டும் குழுவை அமைக்கும் குழு

மனிதன் குகையை விட்டு வெளியே வந்த நாளுக்கு அடுத்தபடியாக மனித குலம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய நாள், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டாம் ஆண்டு பிப்ரவரி ஒன்பதாம் தேதி, புதன்கிழமை, பகல் பதினொன்றரை மணி. அந்த நேரத்தில்தான் வடவட்டார மறுகுடியமர்வு வாரியம் கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே ஒரு வீடு கட்டுவதென்று தீர்மானித்தது. இன்னும் சரியாகச் சொன்னால், அந்த வீட்டைக் கட்டப்போகும் குழுவை எந்த முறையில் அமைப்பது என்று ஆராய்ந்து சொல்வதற்கு ஒரு குழுவை அமைப்பதென்று தீர்மானித்தது. தீர்மானம் நிறைவேறியதும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். எதற்காக நிற்கிறோம் என்று யாருக்கும் தெரியாததால் சற்று நேரம் கழித்து உட்கார்ந்தார்கள்.

தொழிற்பேட்டைக்காக நாற்பத்து மூன்று குடும்பங்களின் வயலும் வீடும் எடுக்கப்பட்டிருந்தன. பதிலுக்கு வீடு கட்டித் தரும்வரை தங்கிக்கொள்ளுங்கள் என்று ஆளுக்கொரு தகரக் கொட்டகை கொடுத்திருந்தார்கள். மூன்று மாதத்துக்கென்று கொடுத்தது. அப்போதே இரண்டு வருஷம் ஆகியிருந்தது. முதலில் ஒரு மாதிரி வீடு. அது எந்த முறையில் எழும்புகிறதோ அதே முறையில் மீதி நாற்பத்திரண்டும் என்பது வாரியத்தின் கொள்கை. அதற்குள் அவசரப்பட்டு எவராவது தாமாக ஒரு சுவரோ கூரையோ எழுப்பினால் அவர் வீடற்றவர் அல்லர் என்று கருதிப் பட்டியலிலிருந்து நீக்கப்படுவார் என்பது நிபந்தனை.

மாதிரி வீடு யாருக்கு என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டுத் தீர்த்தார்கள். வாரியத்தில் ஐந்து நிமிஷத்தில் முடிந்த காரியம் அது ஒன்றுதான். சீட்டில் வந்த பெயர் கனகாம்பாள்.

கனகாம்பாளுக்கு ஐம்பது வயது இருக்கும். கொட்டகைக்கு எதிரே இரும்பு உருக்கும் ஆலை ஒன்று வந்ததிலிருந்து அவளுக்கு இழுப்பு. மூச்சு விட்டால் ஓட்டை விழுந்த துருத்தியின் சத்தம் வரும். புருஷன் தேசப்பன் மூன்று ஏக்கர் நெல் பயிரிட்டவர். இப்போது அதே மூன்று ஏக்கரின்மேல் நிற்கும் ஆலைக்கு வெளியே உட்கார்ந்து, தன் வரப்பு எந்த இயந்திரத்துக்குக் கீழே போகிறது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பவர்.

குழுவின் தலைவர் சிறப்பு அதிகாரி ஆதிகேசவன். கட்டுமான நிர்வாகம் பற்றி டெல்லியில் தொண்ணூறு நாள் பயிற்சி பெற்றுத் திரும்பியவர். அங்கிருந்து ஒரு கம்பளிக் கோட்டும் ஒரு வரைபடமும் கொண்டுவந்திருந்தார். கோட்டைத் திருவள்ளூர் வெயில் ஒரே வாரத்தில் கழற்றிவிட்டது. வரைபடத்தை எதனாலும் கழற்ற முடியவில்லை. அது அலுவலகத்தின் நீளச் சுவர் முழுக்கத் தொங்கியது. அலுவலகமே வாடகை வீட்டின் மாடியில்தான் இருந்தது. வாரியத்துக்குச் சொந்த வீடு கிடையாது.

வீட்டில் குடியிருக்கப் போகிறவரும் குழுவில் இருக்க வேண்டும் என்று டெல்லியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஆகவே கனகாம்பாள் உறுப்பினரானாள். முதல் கூட்டத்துக்குப் புருஷனும் பெண்சாதியும் இரண்டு பஸ் மாறித் திருவள்ளூர் வந்தார்கள். மாடிப்படியின் திருப்பத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு அவள் மேலே வந்தாள். அவளுக்கு நாற்காலி போடவில்லை. சுவரோரம் தரையில் உட்கார்ந்து வரைபடத்தை அண்ணாந்து பார்த்தாள். கட்டம் கட்டமாக, கோடு கோடாக, பதினேழு கட்டங்கள்.

"இன்னா சார், இம்மாம் ரூமு எதுக்கு?" என்றாள். "எனக்கு ஒரு சமையக்கட்டு, ஒரு படுக்கற எடம். அவ்ளோதான். பொகை மேல போறாப்பல ஒரு தொளை வெச்சா சரி."

"அம்மா, இவை அறைகள் அல்ல" என்றார் ஆதிகேசவன். "பதவிகள்."

"அப்போ ஊடு எங்க கீது?"

ஆதிகேசவன் புன்னகைத்தார். இந்தக் கேள்வியைத்தான் அவர் தொண்ணூறு நாளாக எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீடு என்பது கடைசியில் வருவது. வந்தாலும் வரலாம். முதலில் யார் யாருக்குக் கீழ்ப்பட்டவர், யார் யாரைக் கேட்டுக்கொண்டு செங்கல்லைத் தொட வேண்டும், தொட்ட செங்கல்லுக்கு யார் பதில் சொல்ல வேண்டும், இதெல்லாம் தெளிவாக வேண்டும். தெளிவாகிவிட்டால், வீடு கட்டாமலேகூட வீடு கட்டிய திருப்தி கிடைத்துவிடும். எனக்குக் கிடைத்திருக்கிறது."

"என் கட்டம் எது சார்?"

மூலையில் இருந்த சின்னக் கட்டத்தைக் காட்டினார். மற்றக் கட்டங்களையெல்லாம் முழுக்கோடு இணைத்தது. அவளுடையதற்கு மட்டும் புள்ளிக்கோடு.

"ஏன் சார் கோடு அறுந்து அறுந்து கீது?"

"நீங்கள் ஆலோசனை சொல்லலாம். கேட்க வேண்டும் என்பதில்லை."

மற்ற இரு உறுப்பினர்களும் பொறியாளர்கள். மூன்று பேருக்கும் மூன்று முறைகள்.

ராஜவேலு கட்சி முக்கோண முறை. வரைகிறவன் ஒருவன், கட்டுகிறவன் ஒருவன், மேற்பார்க்கிறவன் ஒருவன். "இதில் யாருக்கும் யார்மேலும் நம்பிக்கை கிடையாது. அதுதான் இதன் பலம்" என்றார் ராஜவேலு. "வரைகிறவன் தப்பு செய்தால் கட்டுகிறவன் காட்டிக்கொடுப்பான். கட்டுகிறவன் தப்பு செய்தால் மேற்பார்க்கிறவன் காட்டிக்கொடுப்பான். மேற்பார்க்கிறவன் தப்பு செய்யமாட்டான். ஏனென்றால் அது நான்."

அரசப்பன் கட்சி ஒரு கை முறை. வரைவதிலிருந்து வெள்ளையடிப்பதுவரை ஒரே ஆளிடம் விட்டுவிடுவது. அரசப்பன் மீஞ்சூர்க்காரர், சுற்றி வளைக்கமாட்டார். "ஊடு இடிஞ்சி வுழுந்துச்சின்னா ஒரே ஆளுதான் ஓடுவான். பிடிக்கறது ஈசி. உங்க முக்கோணத்துல மூணு பேரு மூணு தெசைல ஓடுவாங்க, நாம எவன் பின்னால ஓடறது? பேஜாரு சார்."

ஆதிகேசவன் கட்சி கூட்டுறவு முறை. எல்லோரும் முதல் நாளே ஒரு மேஜையில் உட்கார்ந்து, சிநேக உறுதிமொழி எடுத்துக்கொண்டு, எதையும் சேர்ந்தே செய்வது. "தவறு நேர்ந்தால் அத்தனை பேரும் பொறுப்பு" என்று அவர் விளக்கினார். "அத்தனை பேரும் பொறுப்பு என்றால் யாரும் பொறுப்பில்லை. மனிதன் அச்சமின்றி உழைப்பதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை."

கனகாம்பாள், தனக்குக் கிழக்கே பார்த்த வாசல் வேண்டும், அடுப்புப் புகை உள்ளே சுற்றக் கூடாது, புகை பட்டால் நெஞ்சு அடைக்கிறது, வருகிற மழைக்குள் முடியுமா என்று கேட்டாள். குறிப்பெழுதும் குமாஸ்தா ஜோசப் அதை அப்படியே எழுதினார். ஆதிகேசவன் அதை அடித்துவிட்டு, 'உறுப்பினர் பொதுவான சில கருத்துகளைத் தெரிவித்தார்' என்று திருத்தினார்.

இப்படி நான்கு கூட்டங்கள் நடந்தன. நான்காவதில்தான் அந்தத் தவறு நடந்தது. அதைத் தவறு என்று அப்போது யாரும் சொல்லவில்லை. வைகாசியில் நல்ல முகூர்த்தம் என்றுதான் சொன்னார்கள். ஒரு பெரிய மனிதருக்கு அன்று அந்தப் பக்கம் வேறொரு திறப்பு விழா இருந்தது. வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. எந்த முறையில் கட்டினாலும் வீட்டுக்கு வாசல் இருந்தே தீரும், அதில் மூன்று கட்சிக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆகவே வாசக்காலை மட்டும் நட்டுவிடுவது என்று முடிவாயிற்று.

வெறும் பொட்டல். நடுவே வேம்பில் செய்த புது வாசக்கால். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாவிலை கட்டி, நவதானியத்தை மஞ்சள் துணியில் முடிந்து மேல்சட்டத்தில் தொங்கவிட்டு, தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி நிறுத்தினார்கள். பெரிய மனிதர் அதற்குள் நுழைந்து அந்தப் பக்கம் போய், "விசாலமாக இருக்கிறது" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். கார்கள் போய்விட்டன. வாசக்கால் நின்றது.

வாசக்காலை நிறுத்திப் பூசை போட்டுவிட்டால் வீட்டுத் தெய்வம் குடி வந்துவிட்டது என்று அர்த்தம். அதை இருட்டில் விடக் கூடாது. மறுநாளிலிருந்து கனகாம்பாள் விளக்குப் பொழுதில் அங்கே போய் அகல் ஏற்றினாள். ஒரு வாரத்தில், அந்தப் பொட்டலைக் கடக்கிற யாரும் சுற்றிக்கொண்டு போவதில்லை என்றாயிற்று. நாலு பக்கமும் திறந்து கிடக்கிற வெளியில், தலையைக் குனிந்து, வலது காலை வைத்து, நிலைப்படியை மிதிக்காமல் தாண்டி, அதன் வழியாகவே போனார்கள். ஆட்டு மந்தைகூட நெருக்கியடித்துக்கொண்டு அதற்குள் நுழைந்தது. அளவெடுக்க வந்த ராஜவேலுவும் செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு உள்ளே போனார். எதற்கு வெளியே என்று அவரும் யோசிக்கவில்லை.

போகிப் புகைக்குப் பிறகு கனகாம்பாளுக்கு மூச்சு ரொம்பவும் முட்டியது. பள்ளிப்பட்டிலிருந்து அவள் தம்பி குப்புராஜ் வந்தான்.

"அக்கா, கெளம்பு. எங்க ஊர்ல மலைக் காத்து. ரெண்டு மாசத்துல சரியாப் போவும். இந்தப் பொகையில இன்னா வெச்சிகினு கீற?"

"வாசக்கா வெச்ச எடத்த வுட்டுட்டு வர்றதா? வெளக்கு யாரு ஏத்துவா?"

"ஊடே இல்லாத ஊட்டுக்கு வெளக்கா! மாமா, நீ சொல்லு மாமா."

தேசப்பன் சொன்னார். நாலு தடவை சொன்னார். அவள் கேட்கவில்லை.

"தெய்வத்தக் கூப்ட்டு நிக்க வெச்சிட்டாங்க. நானும் போய்ட்டா அது யாரு மூஞ்சியப் பாக்கும்?" என்றாள். பிறகு தேசப்பனிடம், "நான் இருக்கறப்போ ஆவலன்னாலும், அப்பறமாவது ஒரு கூரையப் போட்டுடு மாமா. தெவசத்துக்கு நீ எல போட்டுக் கூப்ட்டா, நான் எந்த ஊட்டுக்குன்னு வருவேன்?" என்றாள்.

தை அமாவாசைக்கு மறுநாள் காலை, விளக்குக்குத் திரி திரித்துக்கொண்டே இறந்துபோனாள்.

நட்சத்திரம் அவிட்டம். அவிட்டத்தில் செத்தால் வீட்டுக்கு அடைப்பு. அதாவது, பிணத்தை வாசல் வழியாக எடுக்கக் கூடாது, சுவரை இடித்து அந்த வழியாக எடுக்க வேண்டும். பிறகு ஆறு மாதம் வீட்டைப் பூட்டிவைக்க வேண்டும். அவளைக் கொட்டகையிலிருந்து தூக்கிவந்து வாசக்காலுக்குப் பின்னால்தான் கிடத்தியிருந்தார்கள். அதுதானே அவள் வீடு. பாடையைத் தூக்கியவர்கள் நாலு எட்டு வைத்து நின்றுவிட்டார்கள். எதிரே வாசல் இருக்கிறது, அதன் வழியாகப் போகக் கூடாது. இடிக்கலாமென்றால் சுவர் இல்லை. சுவர் இல்லாத பக்கமெல்லாம் வெளி. ஆனாலும் ஒருவராலும் அந்த வெளிக்குள் நடக்க முடியவில்லை. பாடை தோளில் இருந்தபடியே நின்றது.

கடைசியில் குப்புராஜ் ஓடிப்போய்த் தன் அக்காவின் தகரக் கொட்டகை முன்னால் மறைப்புக்குக் கட்டியிருந்த ஓர் ஓலைத் தட்டியைப் பிடுங்கி வந்து வடபுறம் நட்டான். அதை மண்வெட்டியால் கிழித்தார்கள். கிழிசல் வழியாகக் கனகாம்பாளை எடுத்துக்கொண்டு போனார்கள். அந்த வீட்டுக்கு எழும்பிய முதல் சுவர் அதுதான்.

வாரியம் ஆழ்ந்த இரங்கல் தெரிவித்தது. அடைப்பு விஷயம் தெரிந்ததும், மாதிரி வீட்டின் வேலைகளை ஆறு மாதம் நிறுத்திவைப்பதென்று தீர்மானம் போட்டது. வாசக்காலுக்குப் பிறகு மூன்று கட்சியும் ஒருமனதாக நிறைவேற்றிய தீர்மானம் அதுதான்.

"வேலையே ஆரம்பிக்கலயே சார்" என்றார் தேசப்பன்.

"அதனால்தான் சுலபமாக நிறுத்த முடிந்தது" என்றார் ஆதிகேசவன். "ஆனால் கவலைப்படாதீர்கள். கூட்டங்கள் நிற்காது. கூட்டம் வேலையில் சேராது."

அடைப்பு தீர்ந்தபோது ஆடி பாதி ஆகியிருந்தது. ஆடியில் யாரும் வீட்டு வேலை தொடங்குவதில்லை.

இதற்கிடையில் ஒரு சட்டச் சிக்கல் எழுந்தது. குழு உறுப்பினரை நீக்குவதானால் அவரை நேரில் அழைத்து விளக்கம் கேட்க வேண்டும் என்பது விதி. மரணத்துக்குத் தனி விதி இல்லை. அவர் இல்லாமல் கூட்டம் நடத்தலாமென்றால் நாலு பேர் இருந்தால்தான் கூட்டம். ஆகவே, விளக்கம் சொல்ல வரும்வரை கனகாம்பாள் உறுப்பினராகத் தொடர்வார் என்று முடிவாயிற்று. அவளுக்கு நாற்காலி போட்டார்கள். மெத்தை வைத்த நாற்காலி. வரைபடத்தில் அவளுடைய புள்ளிக்கோட்டை முழுக்கோடாக மாற்றினார்கள்.

கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பு அவள் பெயருக்கு அழைப்புக் கடிதம் வரும். தேசப்பன் அதை யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டு பொட்டலுக்குப் போவார். கடிதம் யாருக்கோ அவரிடம்தானே சேர்க்க வேண்டும். விளக்கை ஏற்றிவைத்து, நிலைப்படிக்கு வெளியே நின்று சொல்வார்:

"கனகு, பன்னண்டாந் தேதி பதினோரு மணிக்குக் கூட்டமாம். வரச் சொல்லிக்கீறாங்க. நான் வந்து இட்டுகினு போறேன், நீ பாட்டுக்குக் கெளம்பிடாத. பஸ்ஸு மாறணும்."

அன்று காலை பஸ்ஸில் இரண்டு சீட்டு வாங்குவார். கண்டக்டர் முதல் தடவை கேட்டான். பிறகு கேட்கவில்லை. ஜன்னலோரம் எத்தனை கூட்டத்திலும் காலியாகவே வந்தது. நின்றுகொண்டு வந்தவர்கள் அதில் உட்காரவில்லை. ஏன் உட்காரவில்லை என்று கேட்டிருந்தால் அவர்களால் சொல்லியிருக்க முடியாது.

கூட்டத்தில் தேசப்பன் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொள்வார். ஜோசப் நாலு டீ வைப்பார். மூன்று டம்ளரை அவரவர் குடித்தார்கள். நாலாவதும் காலியாகத்தான் கழுவ வந்தது என்று ஜோசப் பிற்பாடு சொன்னார்.

முதலில் ராஜவேலு முக்கோண முறையை முன்மொழிந்தார்.

"உறுப்பினர் கனகாம்பாள் என்ன சொல்கிறார்?" என்றார் ஆதிகேசவன் நாற்காலியைப் பார்த்து. கொஞ்ச நேரம் காத்திருந்தார். "மௌனமாக இருக்கிறார். மௌனம் சம்மதம். எழுதிக்கொள்ளுங்கள் ஜோசப்."

ஆக முக்கோண முறைக்கு இரண்டு வாக்கு. அடுத்து அரசப்பன் ஒரு கை முறையை முன்மொழிந்தார். அதற்கும் கனகாம்பாள் மறுப்புச் சொல்லவில்லை, இரண்டு வாக்கு. கூட்டுறவு முறைக்கும் இரண்டு வாக்கு. மூன்று முறைகளும் சம வாக்குகள் பெற்றதால் முடிவு அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.

"உயிரோட இருந்தப்போ அவ பேசினத நீங்க எழுதலயே சார்" என்றார் தேசப்பன்.

"அப்போது அவருடைய கருத்துகள் தெளிவாக இல்லை" என்றார் ஆதிகேசவன். "இப்போது எவ்வளவோ முதிர்ச்சி."

அதன் பிறகு குழுவில் அவளுக்கு இருந்த செல்வாக்கு வேறு யாருக்கும் இல்லை. ராஜவேலு கூட்டத்துக்கு முன்பே வந்து நாற்காலிமுன் வெற்றிலை பாக்கு வைத்தார். அதைப் பார்த்துவிட்டு அரசப்பன் கனகாம்பரம் ரெண்டு முழம் வாங்கிவந்தார். "இன்னாம்மா, நம்ம முறைய யோசிச்சிப் பாத்தியா? உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்று நாற்காலியின் காதருகே குனிந்து பேசினார். பேசிவிட்டு, பதில் வந்தாற்போல் தலையை ஆட்டிக்கொண்டு நிமிர்ந்தவர் முகம் வெளுத்திருந்தது.

ஐப்பசிக் கூட்டத்தில் சத்தம் கேட்டது. ஓட்டைத் துருத்தியின் சத்தம். உள்ளே இழுத்து, சற்று நின்று, வெளியே விட்டது.

"மின்விசிறி" என்றார் ராஜவேலு.

எல்லோரும் மேலே பார்த்தார்கள். மழைக்குக் கம்பம் சாய்ந்து காலையிலிருந்தே மின்சாரம் இல்லை. விசிறி அசையாமல் நின்றது.

சத்தம் மறுபடி வந்தது. தேசப்பன் மட்டும் மேலே பார்க்கவில்லை. நாற்காலியின் கையைத் தடவிக்கொடுத்து, "மெதுவா வுடு, மெதுவா வுடு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆதிகேசவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பயிற்சியில் இதற்குப் பாடம் இல்லை. ஆனாலும் அவர் நிர்வாகி. "உறுப்பினர் பெருமூச்சுடன் ஆமோதித்தார் என்று எழுதிக்கொள்ளுங்கள்" என்றார். "எதை ஆமோதித்தார் என்பதைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்."

மார்கழிக் கடைசி வாரம் பதினெட்டாவது கூட்டம் கூடியது. அன்று தேசப்பன் தரையில் உட்காரவில்லை. துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார்.

"சார், வர்ற தை அமாவாசைக்கு மறுநாள் அவளுக்குத் தலைத் தெவசம். எல போட்டுக் கூப்புடணும். கூப்புட ஒரு ஊடு வோணும். இந்த ஒண்ணுதான் அவ கேட்டா. உங்களால ஆவுமா ஆவாதா, அத மட்டும் சொல்லுங்க."

ஆதிகேசவன் எழுந்தார். அவர் ஆற்றிய உரைகளில் இதுவே சிறந்தது என்று பின்னால் பேசிக்கொண்டார்கள்.

"தேசப்பன், நீங்கள் ஒரு வீட்டைப் பற்றிப் பேசுகிறீர்கள். நாங்கள் எந்த வீட்டையும் எப்படிக் கட்டுவது என்பதைப் பற்றிப் பேசுகிறோம். அவசரப்பட்டு ஒரு வீட்டைக் கட்டிவிட்டால், அதில் ஒருவர்தான் குடியிருக்க முடியும். ஆனால் சரியான முறையைக் கண்டுபிடித்துவிட்டால், எத்தனையோ வீடுகள் கட்டப்படாமல் இருந்தாலும் சரியான முறையில் கட்டப்படாமல் இருக்கும். இந்த வரைபடத்தைப் பாருங்கள். ஒரு கட்டம் காலியாக இருக்கிறதா? ஒரு கோடு தொங்குகிறதா? இப்படிப்பட்ட ஒழுங்கை நான் எந்த வீட்டிலும் கண்டதில்லை. என் வீடு உட்பட."

அரசப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சரி சார்" என்றார் தேசப்பன். "அப்போ அவள வுட்டுடுங்க. நான் இட்டுகினு போறேன்."

"அதெப்படி? அவர் போனால் நாலு பேர் மூன்று பேராகிவிடுவார்கள். குழு கலைந்துவிடும். நாற்பத்து மூன்று குடும்பங்களின் எதிர்காலம் அவர் கையில் இருக்கிறது. தவிர, எங்கே அழைத்துப் போவீர்கள்? வீடுதான் இல்லையே!"

தேசப்பன் நாற்காலிப் பக்கம் திரும்பினார்.

"கனகு, போதும்மே. இவங்க பேச்சு முடியாது. வாசக்காலும் அவங்க வெச்சது, தெய்வமும் அவங்க கூப்ட்டது, அவங்களே பாத்துக்கட்டும். ஏந்துரு. தை பொறந்ததும் நானே கட்டிடறேன். பட்டியல்ல பேரு போனாப் போவுது."

நாற்காலி பின்னால் நகர்ந்தது. அதிகமில்லை, ஓர் ஆள் எழுந்திருக்க எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு. மூச்சுச் சத்தம் மேஜையைச் சுற்றிக்கொண்டு போயிற்று. ராஜவேலு காலை மடக்கி வழி விட்டார். சாத்தியிருந்த கதவு திறந்தது. தேசப்பன் பின்னாலேயே போனார். சத்தம் படியிறங்குவது எல்லோருக்கும் கேட்டது. திருப்பத்தில் சற்று நின்றது. பிறகு கீழே போய்த் தெருச் சத்தத்தில் கலந்துவிட்டது.



"தலைவரின் அனுமதி பெறாமல் போகலாமா?" என்றார் ஆதிகேசவன் மெல்லிய குரலில்.

ஜோசப் எழுதிக்கொண்டிருந்தார். 'உறுப்பினர் கனகாம்பாள் 11.50க்கு எழுந்து சென்றார்.' அந்த வரியை யாரும் திருத்தவில்லை.

தை இரண்டாம் தேதி குப்புராஜ் பள்ளிப்பட்டிலிருந்து மண்வெட்டியும் அரிவாளும் எடுத்துக்கொண்டு வந்தான். ஏரிக்கரைப் புறம்போக்கில் இடம் பார்த்தார்கள். யார் வரைவது, யார் கட்டுவது, யார் மேற்பார்ப்பது என்ற பேச்சு எழவில்லை. களைத்தவன் உட்கார்ந்தான், மற்றவன் வெட்டினான்.

"மாமா, சொவுரு கோணலாப் போவுது பாரு."

"உன் கண்ணு கோணல்டா. மண்ணக் கொழை."

"இன்னா நைனா, அதிகாரி கணக்கா அதிகாரம் பண்ற!"

இடுப்பளவு மண்சுவர், அதற்குமேல் தட்டி, பனையோலைக் கூரை. கிழக்கே பார்த்த வாசல். அடுப்புக்கு மேலே புகை போக ஒரு துளை. திவசத்தன்று தேசப்பன் இலை போட்டு, அவளுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு ஊற்றி, கதவைச் சாத்திவிட்டு இருவரும் வெளியே உட்கார்ந்தார்கள். உள்ளே கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் கேட்டது. முதலில் இழுப்போடு வந்தது. போகப் போக இழுப்பு அடங்கி, தூங்குகிறவர்களின் மூச்சைப்போல் ஒரே சீராக ஆயிற்று. பிறகு அதுவும் கேட்கவில்லை. குப்புராஜ் எழுந்துபோய் ஏரியில் முகம் கழுவிக்கொண்டு வந்தான்.

மாசியில் ஜோசப் வந்தார். கையில் வாரியத்தின் இரண்டு தாள்கள். முதல் தாளில், விண்ணப்பதாரர் வீடு உடையவராகிவிட்டபடியால் அவர் பெயர் வீடற்றோர் பட்டியலிலிருந்து நீக்கப்படுகிறது என்றிருந்தது. குழு திருத்தி அமைக்கப்பட்டுவிட்டதாகவும், பட்டியலில் அடுத்த பெயரான அஞ்சம்மாள் உறுப்பினராகியிருப்பதாகவும், அவளுக்கும் ஒரு புள்ளிக்கோடு போட்டிருப்பதாகவும் ஜோசப் சொன்னார்.

இரண்டாவது தாள் ஒரு படிவம். குழுவின் ஆய்வுக்காகப் பூர்த்தி செய்து அனுப்பவேண்டியது. மேற்கண்ட வீடு முக்கோண முறை, ஒரு கை முறை, கூட்டுறவு முறை ஆகியவற்றுள் எதனைப் பின்பற்றிக் கட்டப்பட்டது, குழுவின் அமைப்பு என்ன, விரிவாக எழுதுக என்று கேட்டு, அரைப்பக்கம் இடம் விட்டிருந்தார்கள்.

"இன்னா எழுதறது சார்?" என்றார் தேசப்பன்.

ஜோசப் பேனாவைத் திறந்து தாமே எழுதினார்: 'இரண்டு பேர். எட்டு நாள்.'